இறக்கை யாருக்காக? கெர்பலில் பெரிய ஷட்டில் கட்டுவதும் 1971-ன் முடிவுகளும்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டின் முதல் பொதுப் பதிப்பு வெளிவந்த நாள் 2011 ஜூன் 24. மெக்சிகோ சிட்டியில் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே உருவாக்கியது. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 8 அன்று, அட்லாண்டிஸ் விண்ணோடம் கடைசி முறையாக மேலே போனது. 30 வருடம், 135 பயணம், அதோடு நாசாவின் ஷட்டில் திட்டம் முடிந்தது. நிஜ ஷட்டில் ஓய்வு பெற்ற அதே கோடையில், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷட்டில் கட்டப்போகிறவர்களுக்கான விளையாட்டு பிறந்திருக்கிறது. தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

இந்த விளையாட்டில் ராக்கெட் கட்டுவது சுலபம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏதோ ஒன்று மேலே போகும். விமானம் கட்டுவது அதைவிடக் கொஞ்சம் கடினம். ஷட்டில் கட்டுவது இரண்டையும் விடப் பல மடங்கு கடினம். அதிலும் 30, 40 டன் சரக்கு ஏற்றுகிற பெரிய ஷட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். ஏன் அப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1969-க்கும் 1972-க்கும் நடுவில் வாஷிங்டனில் நடந்த ஒரு பேரத்தில் போய் நிற்போம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மூன்று உருண்டைகள்

விளையாட்டின் கட்டுமானக் கூடத்தில் மூன்று உருண்டைகளைத் திரையில் வரவழைக்கலாம். மஞ்சள் உருண்டை நிறை மையம். ஊதா உருண்டை உந்துவிசை மையம். நீல உருண்டை இறக்கைகள் தரும் தூக்குவிசையின் மையம். சாதாரண ராக்கெட்டில் மஞ்சளும் ஊதாவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கவலையே இல்லை.

ஷட்டிலில் விமானம் ஒரு பக்கம், எரிபொருள் தொட்டி இன்னொரு பக்கம். எஞ்சின்கள் விமானத்தின் வாலில். புறப்படும்போது தொட்டி நிரம்பியிருப்பதால் நிறை மையம் தொட்டிக்குள் கிடக்கும். எஞ்சின் தள்ளும் கோடு அந்த மையத்தின் வழியாகப் போகவில்லை என்றால் மொத்த வண்டியும் குட்டிக்கரணம் போடும். சரி, எஞ்சினைச் சாய்த்து வைத்துவிடலாம் என்றால், எரிபொருள் தீரத் தீர நிறை மையம் விமானத்தை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். புறப்படும்போது சரியாக இருந்த சாய்வு ஐந்தாவது நிமிடத்தில் தப்பாகிவிடும். ஏன்னா தொட்டி அப்போது ஏறக்குறைய வெறும் கூடு.

நிஜ ஷட்டிலிலும் இதே கதைதான். புறப்படும்போது வெளித்தொட்டியில் சுமார் 730 டன் எரிபொருளும் ஆக்சிஜனும் இருக்கும். மேலே போய் எஞ்சினை அணைக்கும்போது காலித்தொட்டி 30 டன் சுமார், விமானமோ 100 டன்னுக்கு மேல். பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிடுகிறது. அதைத் துரத்திக்கொண்டே போக, எஞ்சின்களை மேலும் கீழும் 10.5 பாகை வரை திருப்ப முடியும்படி வடிவமைத்தார்கள். விளையாட்டில் 2015 நவம்பரில் சேர்க்கப்பட்ட 'வெக்டர்' எஞ்சினுக்கும் அதே 10.5 பாகைதான். அந்த எண்ணைக் கொடுத்தவர்களுக்கு நிஜ எஞ்சினைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். வெளித்தொட்டிக்குள் இரண்டு தொட்டிகள் உண்டு. பாரமான திரவ ஆக்சிஜன் மேலே மூக்குப் பக்கம், பாரம் குறைந்த ஹைட்ரஜன் கீழே. பாரத்தைக் கீழே வைப்பதுதானே இயல்பு என்று தோன்றும். ஆனால் நிறை மையம் எஞ்சினிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு குறைவாக எஞ்சினைச் சாய்த்தால் போதும். கெர்பலில் கீழ்த்தொட்டி முதலில் காலியாகும்படி வரிசையை மாற்றுகிறார்களே, அது இதே தந்திரம்தான்.

ஏன் பக்கவாட்டில்?

இவ்வளவு தொல்லை எதற்கு? விமானத்தை ராக்கெட்டின் உச்சியில் வைத்துவிட்டால் என்ன? இல்லையென்றால் எரிபொருளை எல்லாம் விமானத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன?

இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. விளையாட்டின் கிரகமான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். அதன் சுற்றுப்பாதைக்குப் போக மொத்தம் வினாடிக்கு 3,400 மீட்டர் அளவுக்கு வேகம் சேர்த்தால் போதும். வெக்டர் எஞ்சினை வைத்து ராக்கெட் சமன்பாட்டில் போட்டால், புறப்படும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு எரிபொருள் என்று வரும். மீதி ஒரு பங்கில் இறக்கை, சரக்கு எல்லாம் அடங்கிவிடும். அதனால்தான் வெளித்தொட்டியே இல்லாமல் ஒற்றை வண்டியாகப் போய்வருகிற விண்விமானங்களை கெர்பலில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

பூமியில் சுமார் 9,300 மீட்டர் வேண்டும். ஹைட்ரஜன் எரிக்கும் ஷட்டில் எஞ்சின், பூமியிலேயே மிகத் திறமையான எஞ்சின்களில் ஒன்று, அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் எட்டில் ஏழு பங்கு எரிபொருள் என்றுதான் விடை வரும். மீதி எட்டில் ஒரு பங்கில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். நடக்காத காரியம்.

அதோடு ஹைட்ரஜன் இடத்தை அடைக்கும். தண்ணீரின் அடர்த்தியில் பதினான்கில் ஒரு பங்குதான் அதன் அடர்த்தி. ஷட்டிலுக்குத் தேவைப்பட்டது 106 டன் சுமார், அதாவது ஏறக்குறைய 1,500 கன மீட்டர். ஷட்டிலின் சரக்கு அறை மொத்தமே 300 கன மீட்டர். ஹைட்ரஜனுக்கு மட்டும் ஐந்து சரக்கு அறை வேண்டும்.

நாசா முதலில் நினைத்தது வேறு. இரண்டு விமானங்கள். ஒரு பெரிய விமானம் சிறிய விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தரையிறங்கும். இரண்டிலும் விமானிகள், இரண்டும் முழுக்க மறுபயன்பாடு. உருவாக்கச் செலவு சுமார் 1,000 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அப்போலோ முடிந்துகொண்டிருந்த நேரம், வியட்நாம் போர் ஓடிக்கொண்டிருந்தது. 1971-ல் பட்ஜெட் அலுவலகம் ஏறக்குறைய பாதிக்கு மேல் தர முடியாது என்று கையை விரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை கெர்பல் ஆடுகிறவர்கள் யாரும் ஊகித்துவிடலாம். முதலில் ஹைட்ரஜன் தொட்டியை விமானத்துக்கு வெளியே தள்ளினார்கள். பிறகு ஆக்சிஜன் தொட்டியையும். விமானம் சிறுத்தது, செலவு குறைந்தது, தொட்டி ஒவ்வொரு முறையும் தூக்கிப்போட வேண்டியதானது. விமானிகள் ஓட்டும் கீழ்விமானத்துக்குப் பதிலாக 1972 மார்ச்சில் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள். எஞ்சின்கள் விலை அதிகம், அவை திரும்பி வர வேண்டும், அதனால் விமானத்தின் வாலிலேயே இருக்க வேண்டும். அவை தரையிலிருந்தே எரிய வேண்டும் என்றால் விமானத்தை உச்சியில் வைக்க முடியாது, பக்கத்தில்தான் தொங்கவிட வேண்டும். அந்தக் கோணல் வடிவம் பட்ஜெட்டின் வடிவம். நிக்சன் 1972 ஜனவரி 5 அன்று திட்டத்தை அறிவித்தார். அந்த வருடம் ஒத்துக்கொண்ட உருவாக்கச் செலவு 515 கோடி டாலர்.

சரக்கு அறையை அளந்தது யார்?

இப்போது அளவுக்கு வருவோம். 4.6 மீட்டர் அகலம், 18.3 மீட்டர் நீளம், 29 டன்னுக்கு மேல் சுமை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

நாசாவில் மெர்க்குரி விண்கலத்தை வடிவமைத்த மேக்ஸ் ஃபேஜெட் ஒரு சிறிய ஷட்டிலைத்தான் முன்வைத்தார். சாதாரண விமானம் போல நேரான, குட்டையான இறக்கை. வளிமண்டலத்துக்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்து, வேகம் குறைந்ததும் மூக்கை இறக்கிப் பறக்கும். இறக்கை தரையிறங்க மட்டும். எடை குறைவு.

ஆனால் சிறிய ஷட்டிலுக்குப் பணம் கேட்க முடியவில்லை. மறுபயன்பாடு லாபம் என்று காட்ட வேண்டுமானால் பயணங்கள் நிறைய வேண்டும். பொருளாதார ஆய்வு செய்த மேத்தமேட்டிகா நிறுவனம் பன்னிரண்டு வருடத்தில் 500-க்கும் மேற்பட்ட பயணங்களை வைத்துக் கணக்குப் போட்டது. அத்தனை பயணத்துக்கு நாசாவிடம் சரக்கு ஏது? நாட்டின் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஷட்டிலில்தான் போகும் என்றால்தான் கணக்கு நேராகும். எல்லாம் என்றால் விமானப்படையின் உளவுச் செயற்கைக்கோள்களும் சேர்த்து. விமானப்படைக்கு ஷட்டில் அவசியமில்லை, அவர்களிடம் டைட்டன் ராக்கெட் இருந்தது. நாசாவுக்குத்தான் விமானப்படை அவசியம். யாருக்கு அவசியமோ அவர்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்? 1971 தொடக்கத்தில் நாசா விட்டுக்கொடுத்தது.

18 மீட்டர் நீளம் விமானப்படைக்காக. அகலம் நாசாவின் எதிர்கால விண்வெளி நிலையத்துக்காக. எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை மூன்றாவது: பக்கவாட்டில் 1,100 கடல் மைல், அதாவது சுமார் 2,000 கிலோமீட்டர், சறுக்கிப் போய்த் தரையிறங்க வேண்டும்.

அது என்ன 2,000? கலிஃபோர்னியாவின் வான்டென்பர்க் தளத்திலிருந்து துருவத்தைச் சுற்றும் பாதையில் கிளம்பி, ஒரே ஒரு சுற்று முடித்து, அதே தளத்தில் வந்து இறங்க வேண்டும் என்பது விமானப்படையின் திட்டம். ஒரு சுற்றுக்கு 90 நிமிடம். அதற்குள் பூமி 22.5 பாகை கிழக்கே திரும்பிவிடும். வான்டென்பர்க் இருக்கும் அட்சரேகையில் அது எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கிளம்பிய ஓடுபாதை அவ்வளவு தூரம் நகர்ந்து போயிருக்கும். அதை எட்டிப் பிடிக்க நேர் இறக்கை உதவாது. அதிவேகத்திலேயே சறுக்குகிற பெரிய முக்கோண இறக்கை வேண்டும். சறுக்கும் நேரம் கூடினால் சூடும் கூடும், வெப்பக் கவசமும் கூடும்.

முக்கோண இறக்கைக்கு வேறு நியாயங்களும் சொல்கிறார்கள். ஃபேஜெட்டின் நேர் இறக்கை மூக்கை இறக்கும் கட்டத்தில் ஆபத்தானது என்று அப்போதே விமர்சனம் இருந்தது. வாலில் தலா மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று எஞ்சின்களை வைத்தால் நிறை மையம் பின்னால் போகும், முக்கோண இறக்கை அதற்குத் தோது. ஆனாலும் இறக்கை அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆக்கியது அந்த 2,000 கிலோமீட்டர்தான்.

விளையாட்டில் இல்லாத தேவை

இங்கேதான் கெர்பல் ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. அதில் ஏவுதளமும் ஓடுபாதையும் ஏறக்குறைய நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கின்றன. கிழக்கே பார்த்துக் கிளம்பினால் நிலநடுக்கோட்டுப் பாதையிலேயே சுற்றுவோம். கிரகம் எவ்வளவு திரும்பினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓடுபாதை நமக்கு நேர் கீழே வந்துவிடும். பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர்கூடச் சறுக்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் கெர்பலில் கட்டப்படும் பெரிய ஷட்டில்களைப் பாருங்கள். 2014 டிசம்பரில் 0.90 பதிப்போடு புதுப்பிக்கப்பட்ட எம்கே3 உடற்பகுதி, நீளமான சரக்கு அறை, இரண்டு பக்கமும் பரந்த முக்கோண இறக்கை. பெரும்பாலும் இதே தோற்றம்தான். எதற்காக அந்த இறக்கை என்றால், ஷட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நம் கண்ணில் பதிந்துவிட்டது, அதற்காக. வான்டென்பர்க் இல்லாத ஓர் உலகத்தில் வான்டென்பர்க்குக்கான இறக்கை.

விமானப்படை சொன்ன காரணம் புரிய வேண்டுமானால் ஒரு சோதனை செய்யலாம். அதே ஷட்டிலை கெர்பினின் துருவப் பாதையில் 80 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புங்கள். ஒரே சுற்றில் திரும்பி வந்து கிளம்பிய ஓடுபாதையில் இறக்கப் பாருங்கள். அரை மணி நேரச் சுற்றுக்குள் ஓடுபாதை 330 கிலோமீட்டர் சுமார் நகர்ந்திருக்கும். அப்போது தெரியும் இறக்கையின் அருமை. அதைச் செய்யப் போவதில்லை என்றால் இறக்கையைப் பாதியாக வெட்டினாலும் ஒன்றும் குறையாது. மிச்சமாகும் எடைக்குச் சரக்கு ஏற்றலாம்.

பறக்கும்போது

பெரிய ஷட்டிலைக் கட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: அது வளையும். விளையாட்டு ஒவ்வொரு பாகத்தையும் தனித் திடப்பொருளாக எடுத்துக்கொண்டு, நடுவில் மூட்டுகள் போட்டு இணைக்கிறது. நூற்றுக்கணக்கான பாகங்கள் சேர்ந்தால் வண்டி ஆடத் தொடங்கும். கம்ப்யூட்டரும் திணறும், கடிகாரத்தின் நிறம் மஞ்சளாகிவிடும். விளையாட்டின் குறை என்று இதைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் நிஜ ஷட்டிலும் வளைந்தது. பூஸ்டருக்கு 6.6 வினாடி முன்பாக மூன்று எஞ்சின்களும் பற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளுவதால் 2,000 டன் அடுக்கு மொத்தமும் தொட்டியின் பக்கம் சாய்ந்து, பிறகு மெல்ல நிமிரும். நிமிர்ந்து நேராகும் அந்தக் கணத்தில்தான் பூஸ்டர்களைப் பற்றவைப்பார்கள். நேரக்கணக்கு அந்த ஆட்டத்தை வைத்துத்தான்.

இப்படிப்பட்ட வண்டியைக் கையால் மேலே கொண்டுபோக முடியாது. நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே மென்பொருளை ஓட்டி ஒன்றையொன்று சரிபார்க்கும், ஐந்தாவது வேறு குழு எழுதிய மென்பொருளோடு காத்திருக்கும். 1981 ஏப்ரல் 10 அன்று முதல் பயணம் நின்றுபோனதே, அந்த நான்கிற்கும் ஐந்தாவதற்கும் நேர ஒத்திசைவு ஒத்துவராமல்தான். மென்பொருள் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த வகைப் பிழை பழக்கமானது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, கொலம்பியா கிளம்பியது.

சோவியத் ஒன்றியம் இதே தோற்றத்தில் புரான் கட்டியது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: முதன்மை எஞ்சின்கள் விமானத்தில் இல்லை, எனெர்கியா ராக்கெட்டின் அடியில். அதனால் விமானம் இல்லாமலும் எனெர்கியா தனியாகச் சுமார் 100 டன் தூக்கும். எஞ்சின்கள் ராக்கெட்டோடு போய்விடும் என்பது இதற்குக் கொடுத்த விலை. கெர்பலில் புரான் பாணியில் கட்டுவது எவ்வளவோ சுலபம். ஊதா உருண்டை பெரிய தொட்டியின் அடியிலேயே நிற்கும், மஞ்சள் உருண்டையிடமிருந்து அவ்வளவு விலகாது. திரும்பும்போது வால் பாரமும் இருக்காது. 1988 நவம்பர் 15 அன்று புரான் ஆளே இல்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, தானாகவே வந்து இறங்கியது. அதுவே முதலும் கடைசியும்.

பொத்தான் இல்லாத இடம்

கெர்பலில் ஷட்டில் குட்டிக்கரணம் போட்டால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி ஏவுதளத்துக்கே திரும்பிவிடலாம். இருபது முறை, முப்பது முறை. அப்படித்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். நிஜத்தில் ஷட்டிலை ஆளில்லாமல் ஒருமுறைகூட மேலே அனுப்பிப் பார்க்கவில்லை. முதல் பயணத்திலேயே ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

பேரத்தின் விலை பிறகு தெரிந்தது. பட்ஜெட்டுக்காக வந்தவை திட எரிபொருள் பூஸ்டர்கள், பற்றவைத்தால் அணைக்க முடியாது. 1986 ஜனவரி 28 அன்று அதில் ஒன்றின் இணைப்பில் ஏற்பட்ட கசிவு சேலஞ்சரையும் ஏழு பேரையும் கொண்டுபோனது. பட்ஜெட்டுக்காக வந்தது பக்கவாட்டுத் தொட்டியும். உச்சியில் இருக்கும் விண்கலத்தின் மேல் விழ எதுவும் இல்லை. பக்கத்தில் தொங்கும் விமானத்தின் மேல் தொட்டியிலிருந்து எது உதிர்ந்தாலும் விழும். 2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பி 82 வினாடியில் தொட்டியின் நுரைக் காப்பிலிருந்து ஒரு துண்டு உடைந்து இடது இறக்கையின் விளிம்பில் மோதியது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியே வெப்பம் நுழைந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

சரி, அந்த இறக்கையைக் கேட்ட பயணம் என்ன ஆனது? வான்டென்பர்க்கில் ஷட்டிலுக்காக ஏவுதளம் கட்டினார்கள். 1986-ல் முதல் துருவப் பயணம் என்று திட்டமிட்டார்கள். சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். விமானப்படை தன் செயற்கைக்கோள்களைப் படிப்படியாக மறுபடி ராக்கெட்டுக்கே கொண்டுபோனது. திரும்பும் நாளில் தரையிறங்க இன்னொரு வாய்ப்புக் கிடைக்க அந்தச் சறுக்கும் திறன் உதவியது உண்மைதான். ஆனால் வான்டென்பர்க்கிலிருந்து ஒரு ஷட்டில்கூடக் கிளம்பவில்லை. ஒரே சுற்றில் போய்த் திரும்பும் அந்தப் பயணத்தை 135-ல் ஒன்றுகூடச் செய்யவில்லை. இறக்கை மட்டும் 135 பயணத்திலும் கூடவே போனது.

கடைசியாக ஒரு தகவல். விமானப்படையிடம் இப்போது சொந்தமாக ஒரு சிறிய ஷட்டில் இருக்கிறது, எக்ஸ்-37பி. ஆள் கிடையாது. 2010 ஏப்ரலில் முதலில் பறந்தது, ஓர் அட்லஸ் ராக்கெட்டின் உச்சியில், மூடிக்குள் பத்திரமாக உட்கார்ந்து. நீளம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இறக்கை முனையிலிருந்து முனைக்கு 4.5 மீட்டர், எடை 5 டன். 1971-ல் அவர்கள் கேட்டு வாங்கிய சரக்கு அறைக்குள் இந்த விமானம் இறக்கையோடு அப்படியே அடங்கிவிடும்.

அடுத்த முறை கெர்பலில் பெரிய சரக்கு அறையைக் கையில் எடுக்கும்போது, அதற்குள் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வைத்துவிடுங்கள். இறக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.